நினைவில் நின்ற வரலாறு

வரலாறு எங்கே வாழ்கிறது? கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் வாழ்கிறது என்று விடையிறுப்பது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் வழங்கியவற்றையும் தன் தமக்கை வழங்கியவற்றையும் முதலாம் இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதனால் அக்காலப் புதுச்சேரியின் அரசியலும் வாணிகமும் அன்றாட வாழ்வும் நமக்குத் தெரிய வருகின்றன. ஆயின், கல்வெட்டுப் பொறிக்கும் அதிகாரமும், நாட்குறிப்பு எழுதும் கல்வியும், எழுதியதைக் காத்து வைக்கும் பெட்டகமும் வாய்க்காத மக்களின் வரலாறு எங்கே வாழ்கிறது? அஃது அவர்தம் நினைவில் வாழ்கிறது. நினைப்பவர் மறையும்போது அதுவும் உடன் மறைகிறது.

மலேசியத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி இத்தகையதே. தோட்டத் துரைமார் எழுதிய அறிக்கைகள் உள்ளன, தொழிலாளர் இலாகாவின் ஏடுகள் உள்ளன, குடிக்கணக்குகள் உள்ளன. அவற்றில் நம் மக்கள் எண்ணிக்கையாகவும் கூலிச் செலவாகவும் நோய்க் கணக்காகவும் காட்சி தருகின்றனர். பெயரும் முகமும் குரலும் உடைய மனிதராக அவர்கள் காட்சி தருவது, வாழ்ந்தவர் நினைவு கூர்ந்து சொன்ன செய்திகளிலேதான். எனவே, தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றை மறவாமல் வைத்திருக்கும் ஆற்றல் எத்தகையது, அதை வரலாற்றாசிரியன் எந்த அளவுக்கு நம்பலாம், எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பனவற்றைச் சிலாங்கூர் மாநிலத்துத் தமிழர் வாழ்வை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்ற நினைவும் வாழ்ந்த நினைவும்

நினைவாற்றல் என்றவுடன் தமிழ் மாணவர்க்கு அவதானக் கலையே நினைவுக்கு வரும். ஒரே நேரத்தில் நூறு பேர் விடுக்கும் வினாக்களையும் வேலைகளையும் மனத்தில் வாங்கி, ஒன்றும் தவறாமல் விடையிறுப்பது சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அதனை நிகழ்த்திக் காட்டிச் சதாவதானி என்று போற்றப் பெற்றார். நிகண்டுகளையும் இலக்கண நூற்பாக்களையும் நெட்டுருச் செய்த பழைய திண்ணைப் பள்ளி மாணவனின் திறமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இவை முயன்று பழகிப் பெறும் நினைவு. இதனைக் கற்ற நினைவு எனலாம்.

மற்றொரு வகை நினைவு உண்டு. அதற்குப் பயிற்சி இல்லை, ஆசிரியர் இல்லை. பத்து வயதில் தந்தையோடு கப்பலிலிருந்து இறங்கிய நாள், முதன்முதலாகப் பால் மரத்தில் கத்தி வைத்த விடியற்காலை, தங்கை இறந்த இரவில் லயத்து வாசலில் எரிந்த விளக்கு ஆகியவை அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நேற்று நிகழ்ந்தவை போல மனக்கண்முன் நிற்கின்றன. இதனை வாழ்ந்த நினைவு எனலாம். ஏட்டில் கையெழுத்திடவும் அறியாதவர்கள் பலர் இவ்வகையில் பெருஞ்செல்வராக விளங்கினர். நூல் கற்ற நினைவைப் போற்றிய நம் மரபு, இந்த வாழ்ந்த நினைவை வீட்டுப் பேச்சாகக் கருதி அதன் போக்கில் விட்டுவிட்டது.

உ.வே.சா. காட்டும் வழி

கற்ற நினைவும் வாழ்ந்த நினைவும் ஒருங்கே வாய்த்த பேரறிஞர் டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஆவார். 1855-ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் எண்பத்தைந்தாம் அகவையை அடுத்து, 1940-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆனந்த விகடன் இதழில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தபோது அவ்வரலாறு முற்றுப் பெறவில்லை. ஏறத்தாழ 1899-ஆம் ஆண்டுச் செய்திகளோடு நின்றுவிட்டது. பின்னர் 1950-ஆம் ஆண்டு ‘என் சரித்திரம்’ என நூலுருவம் பெற்றது.

அந்நூலைப் பயில்வோர் வியப்பது, இளமையில் கண்ட ஊர்களையும் கோயில்களையும் மனிதர்களையும் உண்ட உணவையும் கேட்ட சொற்களையும் அவர் முதுமையில் மீட்டுரைக்கும் நுட்பத்தையே. சான்று ஒன்று காண்போம். கும்பகோணத்தில் நீதித்துறை அலுவலராக வந்து சேர்ந்த சேலம் இராமசுவாமி முதலியாரைத் தாம் முதன்முதற் சந்தித்த நாளை அவர் 21-10-1880, வியாழக்கிழமை எனக் குறிக்கின்றார். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் முதலியவற்றை அடுக்கடுக்காகச் சொல்லியும் முதலியார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றாமையையும், பழைய நூலாகிய சீவக சிந்தாமணியைப் பற்றி அவர் வினவியதையும், அவ்வினாவால் தம் செருக்குத் தளர்ந்ததையும் ஒளிக்காமல் எழுதுகின்றார். அச்சந்திப்பின் விளைவே 1887-ஆம் ஆண்டு வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. பண்டைத் தமிழ் நூல்கள் பல ஒளி பெற்றதற்கு அதுவே தொடக்கம்.

பழைய நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்ப்பின், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் வியாழக்கிழமையே என்பது உறுதியாகும். அறுபது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் நாளும் கிழமையும் வழுவாமல் அமைந்தன. இதற்கு அவர் நினைவின் வன்மை மட்டுமே காரணமன்று. தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் அவர் பேணி வைத்திருந்தார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடம் தேர்ந்த அதே கண்கொண்டு தம் வாழ்வையும் ஒப்பு நோக்கினார். நினைவு காட்சியைத் தந்தது. குறிப்பு நாளைத் தந்தது. இரண்டும் இணைந்தமையால் ஒரு மனிதரின் தன்வரலாறு ஒரு நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் வரலாறாகவும் அமைந்தது.

தோட்டத்து நினைவு

உ.வே.சா. அவர்களுக்குக் கடிதக் கட்டுகள் இருந்தன. சிலாங்கூர் இரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளிக்கு என்ன இருந்தது? பெரட்டுக் களத்தில் பேர் பதிந்த செக்குரோலும் கணக்கப்பிள்ளையின் கையிலே. பிறப்புச் சான்றிதழ் பலருக்கு இல்லை. இருந்தவர்க்கும் இடம்பெயரும்போது கரையான் தின்றதும் மழையில் கரைந்ததும் போக எஞ்சியது சிறிதே. ஆகையால் அவர்கள் தம் காலத்தை ஆண்டுகளால் அளக்கவில்லை; நிகழ்ச்சிகளால் அளந்தனர். ‘வெள்ளைக்காரன் காலம்’, ‘ஜப்பான்காரன் காலம்’, ‘அவசரகாலம்’, ‘தோட்டம் துண்டாடிய காலம்’, ‘பெரிய வெள்ளம்’ என்பன அவர்தம் காலப் பெயர்கள். பிள்ளையின் வயது கேட்டால், ஜப்பான்காரன் வந்தபோது கைக்குழந்தை என்பர்.

இவ்வாறு சொல்லும் சொல்லில் வரலாறு இல்லை என்று தள்ளுவது பிழை. ஜப்பானியர் 1941-ஆம் ஆண்டு திசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கினர். 1942-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. தோட்டத் துண்டாடலின் கொடுமையைத் தடுக்கவே துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் 1960-ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது 1971-ஆம் ஆண்டு சனவரியில். முதியவர் கூறும் நிகழ்ச்சிப் பெயரை இவ்வாண்டுகளோடு பொருத்திவிட்டால், அவர் நினைவு காலவரிசை பெற்ற சான்றாகி விடுகிறது.

கிள்ளான் வட்டாரத்தில் 1941-ஆம் ஆண்டு நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தை எடுத்துக் கொள்வோம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரும் தமிழ் நேசன் இதழோடு தொடர்புடையவருமான ஆர்.எச். நாதன் இதனை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, தமிழறிந்த அலுவலர், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அங்கே எழுந்தது. தோட்டத்து வழியில் துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், கொந்தளிப்புப் பெருகியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இந்நிகழ்ச்சியைப் பற்றிய அரசாங்க ஆவணங்கள் கிடைக்கின்றன. கோரிக்கைகளின் பட்டியலும் கூலியின் காசுக் கணக்கும் அவற்றில் உள்ளன. ஆனால், மிதிவண்டியினின்று இறங்குவது எத்தகைய இழிவு, ஏறியபடியே துரையைக் கடந்து சென்றவனின் நெஞ்சு எவ்வாறு துடித்திருக்கும் என்பதை எந்த அதிகாரியும் எழுதவில்லை. அவ்வனுபவம் அந்த மிதிவண்டியில் இருந்தவனுக்கே உரியது. கூலி உயர்வுக்காக மட்டும் மக்கள் துப்பாக்கிமுன் நின்றிருப்பாரா என்று ஐயுறும் மாணவனுக்கு, ஆவணம் தராத விடையை நினைவே தருகிறது.

சயாமுக்குப் போனவர்

வாழ்ந்த நினைவின் தேவை மிகமிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் சயாம்–பர்மா இரயில் பாதையின் வரலாறாகும். ஜப்பானியப் படையினர் 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் முடித்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறும் குறுக்கிடும் அவ்வழியில் வேலை செய்ய நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் 75 ஆயிரம் பேருக்கு மேல் என்பர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்.

போர்க்கைதிகளுள் இறந்தோர் 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்தம் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பதிவாகியுள்ளன. காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பியூசயாட்டிலும் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள். கைதிகளாக இருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் உயிருக்கு அஞ்சாமல் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். ஆத்திரேலிய மருத்துவர் டன்லப் எழுதிய போர்க்கால நாட்குறிப்புகள் 1986-ஆம் ஆண்டு நூலாயின. 1952-இல் வெளிவந்த பிரெஞ்சுப் புதினமும் அதனைத் தழுவி 1957-இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமும் குவாய் ஆற்றுப் பாலத்தை உலகறியச் செய்தன. அத்திரைப்படத்தின் கதை வெள்ளைக் கைதிகளையே சுற்றிச் சுழல்கிறது. தமிழனுக்கு அதில் இடமில்லை.

நம்மவரின் நிலை யாது? இறந்தோர் தொகையே உறுதிப்படவில்லை. ஏறத்தாழ 30 ஆயிரம் என்று ஒரு கணக்கும், 40 ஆயிரத்தைக் கடந்தது என்று மற்றொரு கணக்கும் வழங்குகின்றன. இருவேறு கணக்குகளுக்கிடையே பத்தாயிரம் உயிர்கள் ஐயத்துக்கு இடமாக நிற்கின்றன என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தனித்தனிக் கல்லறை அவர்களுக்கு இல்லை. ஜப்பானியரே 1944-ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூண் வளாகத்தில், பிற மொழிகளோடு தமிழிலும் ஒரு பலகை பதிக்கப்பெற்றது. அங்கே மாண்டவருள் தமிழர் எத்துணையர் என்பதற்கு அப்பலகையே ஒரு குறிப்புச் சான்று. ஆனால் அதில் ஒருவர் பெயரும் இல்லை.

குடிக்கணக்கை நோக்கினால், சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் 1931-இல் இந்தியர் ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் பேர். 1947-இல் ஏறத்தாழ 6 இலட்சம் பேர். பதினாறு ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் தொகை குறைந்தே நின்றது. தாயகம் திரும்பியோர், போர்க்காலப் பட்டினியாலும் நோயாலும் இறந்தோர் எனப் பிற காரணங்களும் உண்டு. சயாமும் அவற்றுள் ஒன்று. இக்கணக்கு இழப்பின் பருமையைக் காட்டும். இழந்தவர் யாவர் என்பதைக் காட்டாது.

மீண்டு வந்தோர் நினைவே அதைக் காட்டிற்று. நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை, உணவு இலவசம் என்று ஆசை காட்டியதும், ஆள் போதாதபோது தோட்டங்களிலும் தெருக்களிலும் பிடித்துச் சென்றதும், மூடிய சரக்கு வண்டிகளில் நெருக்கி அடைத்து நாட்கணக்கில் வடக்கே கொண்டு சென்றதும், பான்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நடக்க வைத்ததும், 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்களை அழித்ததும் அவர்கள் வாய்மொழியாகவே நம் வீடுகளுக்கு வந்தன. கைதிகள் எழுதிய நூல்களும் இவற்றுட் பலவற்றை உறுதி செய்கின்றன. தோட்டத்தில் எஞ்சிய பெண்டிரின் நினைவு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. போன கணவன் இறந்தான் என்னும் செய்தியும் வாராமல், வருவான் என்னும் உறுதியும் இல்லாமல், பொட்டையும் தாலியையும் என்ன செய்வது என்று அறியாமல் அவர்கள் கழித்த ஆண்டுகளுக்கு எந்த ஏட்டில் கணக்கு உண்டு?

நினைவு தடுமாறும் இடங்கள்

இந்நினைவுகளை நாம் எவ்வளவு நம்பலாம்? துன்புற்றவர் சொல்வதை ஐயுறுவது நன்றியின்மை என்று கருதுவோர் உளர். முதியோர் பேச்சு நம்பத்தக்கதன்று என்று முற்றாகத் தள்ளுவோரும் உளர். இரண்டும் பொருந்தா. உளநூல் ஆய்வுகள் இவ்வகையில் நமக்குத் துணை செய்கின்றன.

1932-ஆம் ஆண்டு கேம்பிரிட்சுப் பேராசிரியர் பார்ட்லெட் வெளியிட்ட நூல், நினைவு கூர்தல் என்பது பேழையில் வைத்த பொருளை எடுப்பது போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது போன்றது என்று காட்டிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1963-ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைத் தாம் எங்கே, எவ்வாறு கேட்டோம் என்பதைப் பலர் ஒளிப்படம் போல விரித்துரைப்பதை 1977-இல் இரு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஆனால் 1986-ஆம் ஆண்டு சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே மாணவரிடம் எழுதி வாங்கி, ஆண்டுகள் சில கழிந்த பின் மீண்டும் கேட்டபோது, பலர் முதலில் எழுதியதற்கு மாறாகச் சொன்னார்கள். மாறாகச் சொன்னவரும் ஐயமின்றிச் சொன்னார்கள். காட்சியின் தெளிவும் சொல்வோரின் உறுதியும் உண்மைக்குப் பிணை ஆகமாட்டா என்பது இதனால் விளங்கும்.

தம் வாழ்நாளின் ஏறத்தாழ ஒவ்வொரு நாளையும் நினைவில் வைத்திருக்கும் மாந்தர் சிலர் உலகில் உண்டு. அத்தகைய அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2006-ஆம் ஆண்டு கலிபோர்னியா ஆய்வாளர் விரிவாக எழுதினர். ஒரு தேதியைச் சொன்னால், அது என்ன கிழமை, அன்று தாம் செய்தது என்ன என்று அவர் உடனே சொல்வார். அவர் சொல்வது உண்மைதானா என்பதை ஆய்வாளர் சரிபார்த்தது, அவரே முன்பு எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளைக் கொண்டுதான். இத்தகைய அரிய நினைவாற்றல் உடையவரும் பொய் நினைவுக்கு விலக்கானவர் அல்லர் என்று 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தெரிவிக்கிறது. உ.வே.சா.வுக்குக் குறிப்பு வேண்டியிருந்தது போலவே அவர்களுக்கும் குறிப்பு வேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் அறியத்தக்கது. முதியோர் தம் வாழ்வை நினைக்கையில், ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவையே மிகுதியாக மேலெழுகின்றன என்பர் ஆய்வாளர். 1942-இல் பதினைந்தும் இருபதுமாக இருந்த நம் முதியோர் மனத்தில் ஜப்பானியர் ஆட்சிக்காலம் அத்துணை ஆழமாகப் பதிந்ததற்குத் துன்பத்தோடு பருவமும் காரணமாகும். 1943-ஆம் ஆண்டு சூலையில் கோலாலம்பூரில் நேதாசி சுபாசு சந்திரபோசின் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த நிகழ்ச்சியை, பின்னாளில் புவான் ஸ்ரீ சானகி ஆதி நாகப்பன் பலமுறை நினைவு கூர்ந்தார். அன்று அவருக்கு அகவை பதினெட்டு. சான்சி ராணிப் படையில் பணியாற்றி, 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்க உறுப்பினருள் ஒருவராகி, 2014-ஆம் ஆண்டு மறைந்த அவர் வாழ்வில், அந்த ஒரு மாலை எல்லாவற்றுக்கும் வாயிலாக நின்றது.

தேர்ந்து தெளியும் முறை

ஆகவே நினைவைச் சான்றாகக் கொள்வோர் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதல் வினா: கண்டதா, கேட்டதா? சயாம் முகாம்களில் வாந்திபேதி கண்ட கொட்டகைகளை நோயாளியரோடு கொளுத்தினர் என்னும் செய்தி மீண்டவர் வாய்மொழியில் வருகிறது. இதைச் சொல்பவரிடம், நீங்கள் நின்ற இடம் எது, யார் உடனிருந்தார், நெருப்பைக் கண்டீர்களா, பிறர் சொல்லக் கேட்டீர்களா என்று பணிவோடு வினவ வேண்டும். கேட்டது என்றால் அது பொய்யாகிவிடாது. முகாமில் நிலவிய அச்சத்துக்கு அது சான்றாகும். கண்டது என்றால் அது நிகழ்ச்சிக்கே சான்றாகும். இரண்டையும் கலந்து எழுதினால், மறுப்போர் ஒன்றைப் பொய் என்று காட்டி இரண்டையும் தள்ளிவிடுவர்.

இரண்டாம் வினா: பிற சான்றோடு பொருந்துகிறதா? பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த ஒருவர், ஜப்பான்காரன் காலத்தில் பகலிலே விமானம் வந்து குண்டு போட்டது, இரயில் தடத்துக்குக் குறிவைத்தது வேறிடத்தில் விழுந்தது என்று கூறுவாராயின், அதனை 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று பிரிக்பீல்ட்ஸ் இரயில் தளத்தை நோக்கி வந்த நேசப்படை விமானங்கள் வீசிய குண்டுகள் அருகிருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தைத் தகர்த்தன. ஆண்டைத் தவறாகச் சொன்னவரும் இடத்தையும் ஓசையையும் ஓடி ஒளிந்த கால்வாயையும் சரியாகச் சொல்லக்கூடும். நாள் தவறு என்பதற்காகக் காட்சியைத் தள்ளலாகாது. காட்சி தெளிவு என்பதற்காக நாளை ஏற்கவும் கூடாது.

மூன்றாம் வினா: சொல்லாமல் விட்டது எது? மனிதர் தமக்குப் பெருமை தருவதை விரித்துரைப்பர். நாணத்தைத் தருவதைச் சுருக்குவர். ஆள்பிடிக்கும் வேலையில் நம்மவரும் சிலர் துணை நின்றனர் என்பதும், பங்கீட்டு அரிசியில் கைவைத்த கிராணிகள் இருந்தனர் என்பதும் பேச்சின் ஓரத்திலேதான் வரும். பெண்டிர்க்கு நேர்ந்தவை பெரும்பாலும் பேச்சிலேயே வாரா. அம்மௌனத்தை வலிந்து உடைத்தல் அறமன்று. ஆனால் மௌனம் இருந்தது என்பதை எழுதி வைத்தல் வரலாற்றாசிரியன் கடமை.

இம்மூன்று வினாக்களும் நினைவைச் சிறுமைப்படுத்துவன அல்ல. ஏட்டுச்சுவடியின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்ட பதிப்பாசிரியர் அச்சுவடியை இகழவில்லை. அதனை நிலைபெறச் செய்தார். வாழ்ந்தவர் நினைவுக்கும் நாம் செய்ய வேண்டிய சிறப்பு அதுவே.

மறையும் இடங்களும் எஞ்சிய எழுத்தும்

நினைவுக்கு இடம் ஒரு கொழுகொம்பு. பழைய கிணற்றங்கரையில் நின்றால் மறந்த பெயர்கள் தாமே நாவில் வரும். சிலாங்கூர் நிலப்பகுதி போல் விரைந்து முகம் மாறிய இடம் இந்நாட்டில் அரிது. ஈயச் சுரங்கமும் இரயில் தடமுமாக இருந்த சாலாக் செலாத்தான் இன்று நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த நகர்ப்புறம். இரயில்வே ஊழியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் ‘நூறு குவார்ட்டர்சு’ குடியிருப்புகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின் இடித்து அகற்றப்பட்டன. கிள்ளானைச் சுற்றிய தோட்டங்கள் பல செம்பனையாகவும், பின்பு வீட்டுமனைகளாகவும் மாறின. லயமும் பெரட்டுக் களமும் தோட்டப் பள்ளியும் மாரியம்மன் கோயிலும் ஒருங்கே நின்ற அமைப்பு சிதைந்தபின், அங்கே வாழ்ந்தவர் நினைவு பிடித்து ஏறக் கொம்பின்றித் தவிக்கிறது.

படைப்பிலக்கியம் இவ்விழப்பை ஓரளவு ஈடு செய்துள்ளது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய புதினங்கள் சயாம் துயரை மலேசியத் தமிழ் இலக்கியத்தில் நிலைநிறுத்தின. ஆயின் புதினம் வரலாற்றுக்கு உயிரூட்டும். வரலாற்றின் சான்றாக அமையாது. கதைமாந்தரின் பெயர் இறந்தவரின் பெயர் ஆகாது. பெயர், ஊர், தோட்டம், ஆண்டு, சொன்னவர், கேட்டவர் என்னும் விவரங்களோடு பதிவான வாய்மொழிச் சான்றே பிற்கால ஆய்வுக்கு அடிப்படையாகும். அண்டை நாடாகிய சிங்கப்பூர் 1979-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு வாய்மொழி வரலாற்று நிலையத்தை அமைத்துப் பல மொழியினரின் நினைவுகளையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்தது. நாம் தொடங்கியது பிந்தி. பரவலாகச் செய்ததும் இல்லை.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

சயாமிலிருந்து மீண்டவருள் இன்று எஞ்சியிருப்போர் மிகமிகச் சிலர். அவர்களிடம் நேரே கேட்கும் காலம் முடியும் தறுவாயில் உள்ளது. ஆயினும், அவர்கள் சொல்லக் கேட்ட மக்கள் இருக்கின்றனர். அவசரகாலத்தையும் துண்டாடலையும் தோட்டத்தைவிட்டு நகர்ப்புறம் பெயர்ந்ததையும் தாமே கண்டவர் நம் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் நினைவையும் நாளை என்று ஒத்திவைத்தால், சயாம் செய்திக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ‘என் பாட்டனார்’ என்று மாணவனுக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். அன்பு, பாசம், வெற்றிலைப் பெட்டி என்று அவன் எழுதி முடிக்கிறான். அதே மாணவனிடம், பாட்டனார் பிறந்த தோட்டத்தின் பெயர் என்ன, அத்தோட்டத்துக்குத் தமிழ் மக்கள் வைத்திருந்த வழக்குப் பெயர் என்ன, அவர் எந்த ஆண்டில் வெளியேறினார், அன்று கூலி எவ்வளவு, அவரோடு வேலை செய்த ஐவர் பெயரைச் சொல்லக்கூடுமா என்று கேட்டுவரச் சொல்வோம். சொன்னதைச் சொன்னபடியே, அவர் பேச்சு வழக்கிலேயே எழுதட்டும், திருத்தம் வேண்டா. கேட்ட நாளையும் இடத்தையும் குறிக்கட்டும். பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பு, பின்புறம் எழுத்துள்ள ஒளிப்படம் முதலிய எது கிடைத்தாலும் நகல் எடுத்து உடன் வைக்கட்டும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இவ்வாறு செய்தால் முப்பது குடும்பங்களின் வரலாறு ஓர் ஆண்டில் எழுத்தேறிவிடும். பள்ளி ஆண்டு மலர்களில் அவை அச்சேறினால் அழியாமலும் நிற்கும்.

இப்பணியில் மாணவன் பெறும் பயன் பிறிதொன்று. தன் வீட்டு முதியவர் சொன்ன ஒரு செய்தி, நூலகத்தில் கண்ட ஓர் ஆண்டோடு பொருந்தும்போது, வரலாறு என்பது பிறர் ஊரில் பிறருக்கு நிகழ்ந்தது என்னும் எண்ணம் அவனைவிட்டு நீங்கும். பொருந்தாதபோது, ஏன் பொருந்தவில்லை என்று தேடுவான். ஆராய்ச்சி அங்கே தொடங்கும்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உண்டு. நம்மவர்க்குக் கல்லறை எழுப்பும் காலம் கடந்துவிட்டது. பெயர்களை மீட்கும் காலம் இன்னும் முற்றாகக் கடக்கவில்லை. சிலாங்கூரின் எத்தனையோ குடும்பங்களில், சயாமுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா ஒருவர், தாய்மாமன் ஒருவர் பெயர் இன்றும் வழங்குகிறது. அப்பெயரை, அவர் புறப்பட்ட தோட்டத்தின் பெயரோடு சேர்த்து எழுதி வைப்போமாக.